திண்ணை போதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பனியன் கம்பெனியில் மிஞ்சும் துணியை நீளமாகக் கிழித்து, பந்தாகச் சுற்றி, குரோஷா ஊசியால் மிதியடி பின்னுகிறோம். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். புதிதாக வருபவருக்கு முதலில் டம்ளர் வைக்கும் வட்டம்தான். ஆறு கண்ணியில் ஆரம்பித்து, சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும்: 6, 12, 18. கூடிப்போனால் ஓரம் அப்பளம் மாதிரி நெளியும். குறைந்தால் கிண்ணமாகக் குழியும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தான் புரிகிறது. போன வாரம் ஒரு பாட்டி மூன்று முறை பிரித்தார். நாலாவதில் தட்டையாக வந்ததும் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது பன்னிரண்டு பேர் வருகிறோம். கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒரு மேசை கிடைத்தால் போதும். துணிப் பந்தும் ஊசியும் நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்