அந்த முத்திரையைப் படித்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் வந்த கைவினைக் கத்திகளின் படங்களைப் பார்த்தேன். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே "வெறும் இரும்புக்கு உயிர் கொடுத்த கேமரா" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நாலு நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. உலை முன்னால் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவனுக்கு, உயிர் எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. நன்றி.

முதலில், அது வெறும் இரும்பு இல்லை, எஃகு. வெறும் இரும்புக்குத் தோய்ச்சல் கொடுத்தால் பதம் ஏறாது. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சுட்டு, எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 டிகிரியை ஒட்டி மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். அந்த இரண்டாவது சூட்டைத் தவறவிட்டால் அலகு கண்ணாடி மாதிரி உடையும். உங்களுக்குத் தெரியாததா?

நான் கேமராவுக்கு எதிரி இல்லை. ஒருமுறை என் கத்திகளைப் படமெடுக்கும்போது ஸ்டுடியோவில் நாள் முழுக்கக் கூடவே இருந்தேன். மெருகேற்றிய அலகு எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். முதல் படத்தில் புகைப்படக்காரரின் சட்டைப் பொத்தானே தெரிந்தது. சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டார். அலகு வெள்ளைக் காகிதமாகிவிட்டது. அப்புறம் இரண்டு விரல் அகலத்தில் கறுப்பு அட்டை ஒன்றை ஓரத்தில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். முதுகிலிருந்து இறங்கும் சரிவு எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அங்கே ஒரு கோடு மெல்ல எழுந்து வந்தது. பூணுக்குப் பக்கத்தில் நான் சாணையில் கவனிக்காமல் விட்ட கீறலையும் அந்தப் படம்தான் காட்டியது. அவருக்குக் கும்பிடு போடுவேன். (இன்னொரு இடத்தில் உதவியாளர் வெறுங்கையால் அலகைப் பிடித்து, துடைக்காமலே பெட்டியில் வைத்து அனுப்பினார். கட்டைவிரல் ரேகை துருவாக வீடு வந்து சேர்ந்தது.)

ஆனால் கத்தியின் எடையும் கைக்குள் அது உட்காரும் விதமும் படத்தில் வராது. அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கத்தின் தேர்வில் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, கட்டையை வெட்டி, அதே வெட்டுவாயால் மயிரையும் மழித்து, கடைசியில் அலகை 90 டிகிரி வளைத்துக் காட்ட வேண்டும். நடுவர்கள் அழகைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். நீங்கள் அழகோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

இது புதிதுமில்லை. இரண்டு வருடம் முன்பு மேலெல்லாம் வரி ஓடும் டமாஸ்கஸ் அலகு ஒன்றைப் போட்டு, "எஃகின் மேல் தீட்டிய ஓவியம்" என்றீர்கள். யாரும் தீட்டவில்லை ஐயா. நிக்கல் கலந்த எஃகையும் கலக்காத எஃகையும் அடுக்கி, சுட்டு, அடித்து, மடித்து, எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால் நிக்கல் உள்ள அடுக்கு பளிச்சென்று நிற்கும், மற்றது கறுக்கும். அலகின் உள்ளே வரைக்கும் ஓடுகிற வரி அது. இதை அப்போதே எழுதினேன். கடிதத்தில் உங்களைப் பாராட்டியிருந்த முதல் இரண்டு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள்.

இந்தத் தடவை படமெடுத்தவர் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. செய்தவர்? "பெயர் அறியாத கைவினைஞர்". அந்தப் பெரிய படத்தில், பிடிக்கு மேலே, அலகில் அவர் முத்திரை இருக்கிறது. பக்க அமைப்புக்காகப் படத்தை இடம் வலம் திருப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. எழுத்துகள் இடவலம் மாறி ஓடுகின்றன. வலக்கைக்காரருக்கென்று ஒருபக்கம் மட்டும் சரித்த வெட்டுவாயும் இடக்கைக்காரர் கத்தியாகிவிட்டது. பக்கத்தைக் கண்ணாடி முன்னால் பிடித்தேன். பெயர் தெளிவாகப் படிக்க முடிகிறது.

அடுத்த இதழில் அந்தப் பெயரை ஒரே ஒரு வரியில் போடுங்கள். எழுத்து சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. நான் இங்கே எழுதித் தரப்போவதில்லை. உங்கள் அலுவலகத்திலும் கண்ணாடி இருக்கும்.

இப்படிக்கு,
பெயர் அறியாத இன்னொரு கைவினைஞர்