தந்தைக்கு மூன்று நாட்கள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைக்குச் செல்லும் தாய்மார் பற்றிய தங்கள் தலையங்கம் தகப்பன்மாரை மறந்துவிட்டது. அரச சேவையில் தாய்க்குச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் விடுமுறை. தந்தைக்கோ வெறும் 3 நாட்கள். தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி அதுவும் இல்லை. பிள்ளை பார்ப்பது பெண்ணின் வேலை என்று அரசே சொல்லிக்கொடுக்கிறது. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்திருப்பது மட்டக்களப்பு வழக்கம் என்பதால், மிச்சப் பாரம் அம்மம்மாவின் தலையில் விழுகிறது.

என் மகள் சத்திரசிகிச்சை மூலம் பிறந்தாள். மனைவி தையலுடன் வீடு வந்த மறுநாளே நான் வேலைக்கு பஸ் ஏறினேன். மாமி அடுப்படியில் நிற்க, மனைவி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பிள்ளையைத் தூக்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தந்தையர் விடுமுறையை இரு துறைகளிலும் குறைந்தது இரண்டு வாரங்களாக்க எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும்.

அரச ஊழியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி