பதினொன்றா, பன்னிரண்டா?

நங்கநல்லூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஒரு மாதம் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை ஏதோ ஆயுள் தண்டனை மாதிரி புலம்பியிருக்கிறாய். நீ சொல்லச் சொல்லத் தங்கச்சிதான் எழுதியிருக்கிறாள் என்பது உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகவரியை முதல் தடவையிலேயே படிக்க முடிந்ததே! இதையும் அவள்தான் உனக்கு வாசித்துக் காட்டப் போகிறாள் என்பதால் ஹாஸ்டல் சமாசாரங்களை அளந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.

கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி போட்டிருந்தாய். "கச்சேரி கேக்க ஒரு ஹெட்போன் வேணும். நீதான் கடையே வெச்சிருக்கியாமே, அதுல ஒண்ணு அனுப்பு." அந்த இரண்டு வரி என்னை நான்கு நாளாகப் படுத்துகிற பாட்டைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்.

புதன்கிழமை சாப்பிட்டு முடித்துவிட்டுக் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். மொத்தம் பதினொன்று. அதில் ஒன்றை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும், பெரிய வேலையா? முதலில் கோஸ் போர்ட்டா ப்ரோவை எடுத்தேன். 1984-இல் வந்த மாடல், இன்னும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை எடுத்ததும் எண்பதுகளின் வரிசையில் ஓர் ஓட்டை விழுந்தது. திரும்ப வைத்துவிட்டேன். அடுத்தது ப்ரூக்ளினில் செய்கிற கிராடோ. காதின்மேல் உட்கார்ந்து அழுத்தும், தென்காசி வெயிலில் அரைமணி நேரம் தாங்கமாட்டாய். சரி, வியன்னாவில் செய்த ஏகேஜி கே240? அது பழைய 600 ஓம் ரகம், மின்தடை அதிகம், உன் போனில் செருகினால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். இப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். பத்தாவதுக்கு வரும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது. கைமாற்று கேட்டு வந்தவனிடம் பீரோ சாவியைக் காணோம் என்கிற ஆசாமி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

வரிசை என்று நினைத்தேன் பார், அங்கேதான் அகப்பட்டுக்கொண்டேன். பாட்டு கேட்கிறவனுக்கு ஏதுடா வரிசை?

எதற்கு இத்தனை ஹெட்போன் என்று இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. வீட்டில் தோசைக்கல் இருக்கிறது, இட்லிப் பானை இருக்கிறது, ஆப்பச்சட்டி இருக்கிறது, அதையெல்லாம் யாராவது சேகரிப்பு என்கிறார்களா? மூடிய ரகம் ராத்திரிக்கு, சாந்தா தூங்கும்போது சத்தம் வெளியே கசியாது. திறந்த ரகம் மத்தியானத்துக்கு. அதற்குப் பின்பக்கம் வெறும் கம்பிவலைதான், காற்று தாராளமாகப் போய்வரும், பாட்டு மண்டைக்குள் அடைபடாமல் சற்றுத் தள்ளி எங்கோ நடக்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கும் பாதிக் கச்சேரி கேட்டுவிடும் என்பதுதான் சங்கடம். காதுக்குள் செருகுகிறது மின்சார ரயிலுக்கு. வேர்க்க விறுவிறுக்க நடக்கும்போது வேறொன்று. நான்கு ஆயிற்றா? அதுவரை சமையலறைக் கணக்கு சரி. ஒருநாள் சாந்தா அலமாரியைத் துடைத்துக்கொண்டே, "கொலுவுக்குப் படி கட்டறதுதான் பாக்கி. சுண்டல் வேணா பண்ணட்டுமா?" என்றாள். கேலிக்குச் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்றது. மரப்பாச்சியிடம் உனக்கு என்ன வேலை தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் தசாவதார செட்டில் ஒரு வாமனன் உடைந்துவிட்டால், மிச்சம் ஒன்பதை வைத்துக்கொண்டு எந்த வீட்டிலும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள்.

நமக்கு இரண்டாவது ஹெட்போன் ஒன்று தேவைப்பட்ட காலம் ஞாபகம் இருக்கிறதா? 1983, திருநெல்வேலி ஹாஸ்டல். சிங்கப்பூரிலிருந்து உன் மாமா கொண்டுவந்து, பழசானதும் உனக்குக் கொடுத்த அந்த நீல நிற வாக்மேன். 1979 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த முதல் மாடல் அது, டிபிஎஸ்-எல்2. அதில் இரண்டு ஹெட்போன் செருகலாம், இரண்டு பேர் சேர்ந்து கேட்கட்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். பேசிக்கொள்வதற்கு ஓர் ஆரஞ்சுப் பொத்தான்கூட உண்டு, அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் அமுங்கி நம் குரல் காதில் விழும். நம்மிடம் இருந்ததோ ஒரே ஹெட்போன். காலியாக இருந்த அந்த இரண்டாவது ஓட்டையைப் பார்த்துப் பார்த்து நாம் ஏங்கியது கொஞ்சமா? பாட்டுக்குப் பாட்டு நீ ஒரு தடவை நான் ஒரு தடவை. நீ மட்டும் உன் முறையில் நீளமான பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வாய். அன்றைக்கு இன்னொன்று கிடைத்திருந்தால் அதை வெறும் தேவை என்றுதான் சொல்வேன்.

அப்புறம் தொலைபேசி இலாகாவில் சேர்ந்தேன். எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கத் தலையில் ஹெட்செட் மாட்டிய ஆபரேட்டர்களுக்கு நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம், ஒன்றுகூட என்னுடையது இல்லை. ரிட்டையர் ஆன பிறகுதான் பித்துப் பிடித்தது என்று சாந்தா சொல்வாள். உண்மையில் ரிட்டையர் ஆவதற்கு முன்பே சென்ஹைசர் எச்டி 650 வாங்கிவிட்டேன். 2003-இல் வந்த மாடல். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் கேட்டால் இடது பக்கத் தொப்பியின் கும்கி நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு அண்ணன் ஒன்று இருக்கிறது, 1997-இல் வந்த எச்டி 600, இரண்டுக்கும் வித்தியாசம் அரிசி முனை அளவுதான் என்று படித்தேன். அந்த அரிசி முனை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. வாங்கினேன். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தனி ஆவர்த்தனத்தில் ஒரு நாற்பது விநாடியை எடுத்து, இதில் ஒரு தடவை அதில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். வலது பக்கமான வலந்தலையின் மீட்டு இதில் கொஞ்சம் துலக்கம், அதில் கொஞ்சம் குழைவு. மூன்று வாரம் போனது. அந்த நாற்பது விநாடிக்கு அப்புறம் மிருதங்கக்காரர் என்ன வாசித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதைவிட வேடிக்கை ஒன்று. போன தீபாவளிக்கு வந்த மகள், காது எதுவரை கேட்கிறது என்று சோதிக்கும் செயலி ஒன்றைப் போட்டாள். கீச்சென்ற ஒலி மேலே மேலே போகும், கேட்காதபோது கையைத் தூக்க வேண்டும். 12,000 ஹெர்ட்ஸ் வரும் முன்பே நான் கையைத் தூக்கிவிட்டேன். அவளுக்கு 16,000 தாண்டியும் கேட்டது. என் பெட்டிகளின்மேல் 40,000-ஐ ஒட்டியெல்லாம் அச்சடித்திருக்கிறது. வயதானால் மேல் சுருதிகள்தான் முதலில் விடைபெறும், எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்குக் கேட்காத ஒலிக்கெல்லாம் காசு கொடுத்திருக்கிறேன். இது போதாதென்று 2017-இல் ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீட்டை எடுத்துவைத்துப் பார்த்து, விலைக்கும், கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதிவரை ஒலி எவ்வளவு சீராக வருகிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிவிட்டார். இதை மகள்தான் படித்துக் காட்டினாள். சாந்தா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

இதையெல்லாம் மீறியும் நான் பாட்டுக்காகத்தான் வாங்குகிறேன் என்று சாதித்திருப்பேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைதான் என் வாயை அடைத்தது. பழைய மிக்ஸி மூடிகள், ரேடியோ குமிழ்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு வளையம் கிடந்தது. குனிந்து பார்த்தேன், சென்ஹைசர் எச்டி 414. 1968-இல் வந்தது, திறந்த ரகத்தில் உலகத்தில் முதல் ஹெட்போன். அதுவரை காதை மூடிக்கொண்டு கனக்கிற கிண்ணங்களாக இருந்ததை 135 கிராமுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் பஞ்சு வைத்து, ஒரு கோடிக்கு மேல் விற்றார்கள். என் கையில் கிடைத்ததில் மஞ்சளும் இல்லை, பஞ்சும் இல்லை. வயரைப் பாதியில் நறுக்கியிருந்தது. கடைக்காரரே, "அது பாடாது சார், பிளாஸ்டிக் விலைக்கு எடுத்துக்கங்க" என்றார். முந்நூற்று ஐம்பது ரூபாய். திரிசூலம் வரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வருகிற மாதிரி. பாடாது என்று தெரிந்தே வாங்கியதற்கு என்ன பெயர் என்று அன்றைக்கே என்னை நானே கேட்டிருக்க வேண்டும். (வயரைப் பற்றவைத்துப் பார்த்தேன், ஒரு காது பாடுகிறது. 2,000 ஓம், அதற்கு உயிர் கொடுக்க என் பழைய ஆம்ப்ளிஃபயரே திணறுகிறது.)

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் பாட்டுப் போட்டுக் காட்டுவதுகூட இல்லையாம், கதைதான் சொல்கிறேனாம். இதுவும் மகளின் கண்டுபிடிப்பு. யோசித்தால் நிஜம்தான். போன வாரம் மாடி வீட்டுக்காரரை உட்காரவைத்து, 1958-இல் அமெரிக்காவில் மில்வாக்கியில் ஜான் கோஸ் என்பவர் கையில் தூக்கிக்கொண்டு போகிற கிராமபோன் ஒன்றைக் கண்காட்சியில் வைத்ததையும், தனியாகக் கேட்க அதோடு கொடுத்திருந்த ஹெட்போனைத்தான் ஜனங்கள் மொய்த்ததையும், கிராமபோன் போய் ஹெட்போனே அவர் பிழைப்பானதையும் முழுசாகச் சொன்னேன். மனிதர் காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். போர்ட்டா ப்ரோவைக் கையில் கொடுத்தேன், காதில் வைத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

சேகரிப்பதில் எனக்கு வெட்கம் இல்லைடா. சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாதாமாதம் வெயிலில் காயவைத்து மாற்றுகிறேன், இந்த ஊர்க் காற்றில் அது இல்லாவிட்டால் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிந்து கழுத்தெல்லாம் கறுப்பாக ஒட்டும். ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யோசித்துச் செய்த ஒரு கீலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதற்குப் பாட்டே வேண்டாம். ஒவ்வொன்றையும் சத்தம் நன்றாக இருக்கும் என்று சாந்தாவிடம் சொல்லி வாங்கினேனே, அது மட்டும் உறுத்துகிறது.

சரி, உன் விஷயம். நேற்று ராத்திரி நான்காவது தடவையாக அலமாரியை மூடிவிட்டு, போதும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பழைய ரேடியோக் கச்சேரியைப் போட்டேன். முழு ராகம், முழு தனி. முடிகிற நேரத்தில் சாந்தா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். "இன்னும் முடிவு பண்ணலியா?" என்றாள். பதினொன்றில் எதையும் கொடுக்க மனம் வரவில்லை என்றேன். "பதினொண்ணா? பன்னெண்டுல்ல? தலைல இருக்கறது யாரோடது?"

சோனி எம்டிஆர்-7506. 1991-இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குகிற மாடல், நீலக் கோடு போட்டது. 2009-இல் வாங்கி மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினேன், அதிலேயே கிடக்கிறது. அலமாரிக்குள் ஒரு நாளும் போனதில்லை, என் நோட்டுப் புத்தகப் பட்டியலிலும் இல்லை. பதினாறு வருஷமாக நான் கேட்ட கச்சேரியில் முக்கால்வாசி இதில் கேட்டதுதான், இதை எண்ணவே தோன்றவில்லை பார்.

இதுதான் உனக்கு வருகிறது. தனியாகக் கேட்டுக்கொண்டு உட்காரலாம், மூடிய ரகம் என்பதால் தங்கச்சி சீரியல் பார்ப்பதற்கு இடைஞ்சல் இருக்காது. 63 ஓம்தான், உன் பழைய போனே தாராளமாகப் போதும். காதுப் பஞ்சு புதிதாகப் போட்டிருக்கிறேன். வயர் சுருள் சுருளாக இருக்கும், இழுத்தால் மூன்று மீட்டர் வரும், அதைப் போட்டுக்கொண்டே எழுந்து போய்ப் போனைக் கீழே தள்ளிவிடாதே. முனையில் தங்க நிறத்தில் திருகியிருக்கிற தடித்த அடாப்டரைக் கழற்றினால்தான் போனில் நுழையும். கழற்றியதைத் தொலைக்காமல் தங்கச்சியிடம் கொடுத்து வை. சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றாதே, கண்ணுக்கு வைத்தியம் பார்த்தது போதும்.

செவ்வாய்க்கிழமை கூரியரில் போடுகிறேன். கிடைத்ததும் போன் பண்ணு. ஆணி காலியாக இருக்கிறது. எதை மாட்டுவது என்று அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்,
பாலு