காட்பாடி டீக்கடையில் பார்த்த தங்கைக்கு

போன மாதம் காட்பாடி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் அப்பாவின் வாயோரம் டீ வழிந்தது. வேலூர் வெயிலாச்சே, மயக்கம்தான் என்று சோடா வாங்கி நீட்டினேன். "குடுக்காதீங்கண்ணா, புரையேறிடும்" என்று தடுத்தது நீங்கள்தான்.

அவரைச் சிரிக்கச் சொன்னீர்கள். வாய் ஒரு பக்கம் கோணியது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னீர்கள். வலது கை மெல்ல இறங்கியது. பெயரைக் கேட்டதற்குக் குழறினார். "பக்கவாதமா இருக்கும்ணா" என்று உடனே 108-ஐ அழைத்தீர்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டு, என் உள்ளங்கையில் பேனாவால் 8.40 என்று எழுதினீர்கள். இந்த நேரத்தில் இது எதற்கு என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். மூளை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அதற்கும் முன்னால், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்.

முதியோர் இல்லத்தில் வேலை, அங்கே பக்கவாதப் பயிற்சி கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அரக்கோணம் வண்டியைப் பிடிக்க ஓடினீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை நான். அப்பா இப்போது வலது கையாலேயே டம்ளரைப் பிடிக்கிறார். கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். ரொம்ப நன்றிம்மா. அப்புறம், உங்கள் பேனா இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.