மாநாட்டு மண்டபத்தில் புதிதாக வந்தவரோடும் கதையுங்கள்

பத்திராதிபர் அவர்கட்கு,

ஐயா,

அண்மையில் யாழ்ப்பாண நகரில் இரண்டு நாட்கள் நடைபெற்ற எழுத்தாளர் மாநாடு ஒன்றிற்கு முதன்முறையாகச் சென்று வந்தவள் என்ற வகையில், இத்தகைய மாநாடுகளை நடத்துவோரின் கவனத்திற்கு ஒரு விடயத்தைக் கொண்டுவர விரும்புகின்றேன். அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளில் எனக்குக் குறையில்லை. பல கட்டுரைகள் உழைப்போடு எழுதப்பட்டிருந்தன. ஆனால், எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டு கதைப்பதற்கென்று நேரமோ இடமோ அங்கு ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. ஏற்கெனவே அறிமுகமானவர்களுக்கு இது பெரிய குறையன்று. புதிதாக வருபவருக்கு, வந்ததன் பயன் பாதிக்கு மேல் இதனாலேயே போய்விடுகின்றது.

நான் வடமராட்சியில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞராக வேலை செய்கின்றேன். பதினொரு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகின்றேன். ஒன்பது கதைகள் புனைபெயரில் சஞ்சிகைகளிலும் வாரப் பதிப்புகளிலும் வெளிவந்துள்ளன. இத்தனை காலத்தில் எழுதுகின்ற இன்னொருவரோடு நேரில் இருந்து ஒரு நாளும் கதைத்ததில்லை. கதையை அனுப்புவேன், வந்தால் வரும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. 2005 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ இணைய நூலகத்திலுள்ள பழைய சஞ்சிகைகளை இரவில் இருந்து வாசித்ததால், ஈழத்து எழுத்தாளர் பலருடைய பெயர்களும் அவர்கள் எந்த ஆண்டில் எதை எழுதினார்கள் என்பதும் எனக்குப் பாடம். முகங்களைத்தான் அறியேன். அந்த முகங்களைக் காண வேண்டும், முடிந்தால் இரண்டொரு வார்த்தை கதைக்க வேண்டும் என்ற ஆசையிலேதான் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, காலையில் நெல்லியடியில் பஸ் ஏறினேன். வல்லை வெளியைத் தாண்டும்போது, முதலில் யாரிடம் எதைச் சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே சென்றது இப்போதும் நினைவில் இருக்கின்றது.

மண்டப வாசலில் இரண்டு மாணவிகள் பன்னீர் தெளித்துச் சந்தனம் தந்து வரவேற்றார்கள். பதிவு மேசையில் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் எழுதிக்கொண்டு, மாநாட்டு மலரும் குறிப்பேடும் அடங்கிய பையொன்றைத் தந்தார்கள். வரவேற்பு என்பது அந்தப் பையோடு முடிந்தது. மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரைகள், வாழ்த்துரைகள், மலர் வெளியீடு, முதற்பிரதி பெறுதல், சிறப்புப் பிரதிகள் வழங்கல் என்று தொடக்க நிகழ்வு நீண்டுகொண்டு போனபடியால், அரை மணி நேரம் என்று அச்சிடப்பட்டிருந்த தேநீர் இடைவேளை பத்து நிமிடமாகச் சுருங்கியது. அந்தப் பத்து நிமிடத்தில் பழகியவர்கள் பழகியவர்களோடு சேர்ந்து நின்றார்கள்; ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ காண்பவர்கள் அப்படி நிற்பது இயல்புதான். நான் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மற்றக் கையில் மாநாட்டு மலருமாகத் தூணோரம் நின்று, பொருளடக்கத்தை மூன்று முறை வாசித்தேன்.

அப்போது வயதான ஒருவர், நல்ல மனத்தோடுதான், என்னருகே வந்து, “பிள்ளை எவடம்?” என்று கேட்டார். கரவெட்டி என்றேன். “கரவெட்டியிலை எவடம்? ஆற்றை பிள்ளை?” என்றார். தகப்பனாரின் பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு அப்பால் போய்விட்டார். நான் எழுதுகிறேனா, என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் 1970களில் எழுதிய கதையொன்றை நான் வாசித்திருப்பதையும், அதன் முடிவு என்னை எவ்வளவு காலம் அலைக்கழித்தது என்பதையும் சொல்லியிருப்பேன். அவர் யாரென்பதே பிற்பகலில் அவர் மேடையேறிய பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தது.

இந்த “எவடம்?” என்ற கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவரை அறிமுகம் செய்துகொள்வதற்கு நமக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். கல்யாண வீட்டிலும் செத்தவீட்டிலும் பஸ்ஸிலும் இதைத்தான் கேட்கின்றோம். ஊர், ஊருக்குள் குறிச்சி, குறிச்சிக்குள் குடும்பம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, ஒருவரை எங்கே வைத்துப் பழகுவது என்று தீர்மானிப்பதற்கான கேள்வி இது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எங்கள் தலைமுறையில் பலர் வேறெதையும் நினையாமல் பழக்கத்தினால் மட்டுமே கேட்கிறார்கள் என்பதையும் அறிவேன். ஆனால் விடை சொல்லுகிறவருக்கு அந்தப் படிகள் ஒவ்வொன்றும் தெரியும். சிலருக்கு இரண்டாவது படியிலேயே நா வறண்டுவிடும். எழுத்தாளர் கூடுகின்ற இடத்திலாவது இந்தக் கேள்வியை விட்டுவிடலாகாதா?

ஈழத்து இலக்கியமே இதற்கு நல்ல முன்மாதிரி தந்திருக்கின்றது. டொமினிக் ஜீவா அவர்கள் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டுப் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர். கஸ்தூரியார் வீதியிலிருந்த சலூனிலே தொழில் செய்தபடியே கதை எழுதியவர். 1966 இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கி, பிற்காலத்தில் கொழும்புக்குச் சென்ற பின்னரும் பல்லாண்டுகள் அதை நடத்தினார். அந்தச் சலூனுக்கு எழுத்தாளர்கள் தேடி வந்தார்கள். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் இருந்த அதே வாங்கிலே இலக்கியம் கதைக்கப்பட்டது. யாழ்ப்பாண நகரின் நடுவில், அந்தக் காலத்தில், அப்படி ஓர் இடம் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகின்றது. இன்று நமக்கு ஒலிவாங்கியும் குளிரூட்டியும் கொண்ட மண்டபங்கள் இருக்கின்றன. அந்த வாங்குக்கு ஈடாக அவற்றில் எதை வைத்திருக்கிறோம் என்று மாநாடு நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதியம் சோற்றுப் பார்சல் தந்தார்கள். பார்சலை வாங்கிக்கொண்டு ஆட்கள் மூன்று நான்கு பேராகப் பிரிந்து போய்விட, நான் வெளியே வேப்பமரத்தின் கீழிருந்த படிக்கட்டில் போய் இருந்தேன். அங்கே என்னைப் போலவே தனியாக ஒரு பிள்ளை இருந்தாள். நெடுந்தீவு என்றாள். (நானும் அவளிடம் “எவடம்?” என்றுதான் கேட்டேன். பழக்கம் அவ்வளவு ஆழமானது.) கவிதை எழுதுகிறாளாம். குறிகட்டுவானில் மாலைப் படகைப் பிடிக்க வேண்டுமென்பதால் பிற்பகல் அமர்வு தொடங்குமுன்பே புறப்பட்டுவிட்டாள். கடல் கடந்து வந்து, ஒரு நாள் முழுவதிலும் அவள் கதைத்த ஒரே ஆள் நான்தான்.

நிகழ்ச்சி நிரலில் “சபையோர் கலந்துரையாடல்” என்று ஒன்று இருந்தது. அது வழமைபோலக் கடைசியில், நன்றியுரைக்குச் சற்று முன்பாக வைக்கப்பட்டிருந்தது. வழமைபோலவே, நேரம் போதாமையால் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நான் பார்த்தளவில், அந்த நேரத்தில் மண்டபத்தில் இருந்த பெண்கள் பத்துப் பேர்கூட இல்லை. மாலையில் பஸ் குறைந்துவிடும் என்பதும், இருட்டிய பின் சந்தியில் இறங்கி ஒழுங்கைக்குள் நடக்க வேண்டும் என்பதும், வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டும் என்பதும் அமைப்பாளர்களுக்குத் தெரியாதவையல்ல. ஆனாலும் எல்லோரும் வாய் திறக்கக்கூடிய ஒரேயொரு நிகழ்வை, பாதிப் பேர் போய்விட்ட பின்னர் வைக்கின்ற வழக்கம் இன்னும் மாறவில்லை.

இரண்டாம் நாள் போவதில்லை என்றுதான் அன்றிரவு எண்ணினேன். எடுத்த லீவு வீணாகுமே என்று போனேன். போன இடத்தில், தற்செயலாக, எல்லாம் மாறியது. மண்டபத்தின் பின்புறத்தில் புத்தக மேசை போட்டிருந்தார்கள். அங்கே நின்ற அக்கா ஒருவர், தனியாகச் சமாளிக்க முடியாமல், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, “தங்கச்சி, இந்தப் பற்றுச்சீட்டை ஒருக்கால் எழுதித் தாறீரோ?” என்று கேட்டார். பற்றுச்சீட்டு எழுதுவது என் தொழில். இருந்தேன். பற்றுச்சீட்டில் வாங்குகிறவரின் பெயரை எழுத வேண்டுமாகையால், வருகிறவர்கள் எல்லோரும் தாமாகவே எனக்குத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். பத்து ஆண்டுகளாக அச்சில் மட்டும் கண்ட பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகமும் குரலுமாக என் முன்னே வந்து நின்றன. “நீங்களா அந்தக் கதையை எழுதினீர்கள்?” என்று கேட்க எனக்கு எந்தக் கூச்சமும் வரவில்லை, கையில் வேலை இருந்தால் கூச்சம் அடங்கிவிடுகின்றது போலும். ஒருவர் நின்று, எந்த இதழில் வாசித்தேன் என்று கேட்டார். இன்னொருவர் நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டு, புனைபெயரைச் சொன்னதும், கிணற்றடியில் நடக்கும் என் கதையொன்றின் முதல் வரியைச் சொன்னார். பதினொரு ஆண்டில் என் கதையை வாசித்த ஒரு மனிதரை நான் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். அந்த அக்காவும் எழுதுகிறவர்தான் என்பது மத்தியானம் பார்சலைப் பிரிக்கும்போது தெரிந்தது. என் கதைகளில் உரையாடல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று நேராகச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டு நாள் போயிருக்கலாம்.

ஆனால் பற்றுச்சீட்டுப் புத்தகம் எல்லோர் கையிலும் கிடைக்காது. நெடுந்தீவுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

எழுத்தாளர் கூடிக் கதைத்ததிலிருந்துதான் நமது இலக்கிய முயற்சிகள் பல பிறந்தன என்பதை இங்கே நினைவூட்டலாம். 1943 இல் யாழ்ப்பாணத்து இளம் எழுத்தாளர் சிலர் மறுமலர்ச்சிச் சங்கமாகக் கூடினார்கள். 1946 இல் ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகை அந்தக் கூட்டத்திலிருந்து வந்தது. முதலில் கூடினார்கள், பின்னர்தான் அச்சிட்டார்கள். 1988 இல் ஜேர்மனியில் புலம்பெயர்ந்தவர்கள் தொடங்கிய தொடருக்கு ‘இலக்கியச் சந்திப்பு’ என்றே பெயர் வைத்தார்கள். வந்திருப்பவர்கள் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்வதோடு அதைத் தொடங்குவது வழக்கம். அதன் 41 ஆவது சந்திப்பு 2013 இல் யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. ஆகவே நான் கேட்பது நமக்குப் புதியதன்று.

நூற்றைம்பது பேர் கூடுகின்ற மண்டபத்தில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மை அறிமுகம் செய்வது நடவாத காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்தால் தேநீர் இடைவேளை முழு அரை மணியாக நிற்கும். கலந்துரையாடலை மதிய உணவுக்கு முன் வைத்தால் படகுக்கும் பஸ்ஸுக்கும் போகிறவர்களும் பேசலாம். பதிவு மேசையில் “முதன்முறை வருகிறீர்களா?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்து, ஆம் என்பவர்களை அழைத்துச் சென்று இரண்டு பேருக்காவது அறிமுகம் செய்து வைக்க, எல்லோரையும் அறிந்த ஒருவரை அதற்கென்றே நிறுத்தலாம். கோயில் அன்னதானத்தில் பந்தியைச் சுற்றி வந்து “சாப்பிட்டாச்சே?” என்று ஒவ்வொருவரையும் கேட்பதற்கு எங்கள் ஊர்களில் எப்போதும் ஆள் இருக்கின்றது, மாநாட்டில் மட்டும் அப்படி ஒருவர் இல்லாதிருக்க வேண்டியதில்லை. சட்டையில் குத்திக்கொள்ளப் பெயரட்டை கொடுப்பதானால், அதில் ஊரைப் போடாமல், கதை, கவிதை, மொழிபெயர்ப்பு, வாசகர் என்று போடச் சொல்லுங்கள். வாசகர் என்று போட்டுக்கொள்ளவும் ஆட்கள் வருவார்கள். அவர்கள்தான் நமக்கு மிகவும் வேண்டியவர்கள்.

மூத்த எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தூணோரம் கோப்பையோடு நிற்பவரைக் கண்டால், “என்ன எழுதுகிறீர்?” என்றோ, “இப்ப என்ன வாசிக்கிறீர்?” என்றோ கேளுங்கள். என்னைப்போல் புதிதாக வருபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் சந்திப்பிலேயே கையெழுத்துப் பிரதியை நீட்டி வாசித்துத் தரும்படி கேளாதீர்கள். நின்று கதைக்கக்கூடியவரும் அதைக் கண்டால் விலகிப் போவார். அங்கு வரக்கூடியவர்களின் எழுத்தில் ஒன்றிரண்டையாவது வாசித்துவிட்டு வாருங்கள். மேசை தூக்க, கதிரை அடுக்க, புத்தகம் கட்ட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.

நெடுந்தீவுப் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தை அன்று வேப்பமரத்தடியில் வாங்கி வைத்திருந்தேன். புத்தக மேசை அக்காவும் அவளும் நானுமாக, வருகின்ற போயா விடுமுறை நாளில் கரவெட்டியில் என் வீட்டு விறாந்தையில் கூடுவதாக இருக்கின்றோம். ஆளுக்கொன்று எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் காலைப் படகில் வருகின்றாள். அடுத்த மாநாட்டை நடத்தப்போகிறவர்கள், நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்குமுன் இக்கடிதத்தைக் கருத்தில் எடுப்பார்களாயின், பதிவு மேசையில் முதன்முறை வருபவர்களுக்காக இரண்டு நாளும் நிற்பதற்கு நாங்கள் மூவரும் ஆயத்தமாக இருக்கின்றோம்.

இங்ஙனம்,
வாசகி ஒருத்தி,
கரவெட்டி.