குழந்தையிடம் கேட்கும் விதம்

ஆசிரியருக்கு வணக்கம். கல்லூரியில் குற்றவியலும் தடயவியல் உளவியலும் நடத்துகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் விசாரிக்கும் நார்கோ சோதனையைப் பற்றித்தான். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் அதைச் செய்யக்கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை ஒரே வகுப்பில் முடித்துவிடலாம்.

நேரம் போதாமல் போவது, பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையிடம் பேசி விசாரிக்கும் பாடத்துக்கு. ஒரு மாணவி குழந்தையாக உட்காருவாள், இன்னொருத்தி விசாரிப்பாள். எடுத்ததுமே "அந்த மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டுவிடுவாள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தாயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பதும் அந்த இடத்தைத்தான். "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, அப்புறம் குறுக்கே பேசாமல் காத்திருக்கப் பழகவே பல வாரம் பிடிக்கிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக்கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் கேட்கும் விதத்தை அவருக்கு யார் சொல்லித் தருவது? இதைப் படித்துத் தேறிய என் மாணவிகள் பலர் வேறு வழியில்லாமல் தனியார் கம்பெனிகளில் ஆளெடுக்கும் வேலை பார்க்கிறார்கள். வயிறு எரிகிறது.

மாவட்டந்தோறும் இதற்கென்று நிரந்தரப் பணியிடம் வேண்டும். பல்கலைக்கழகங்களும் இந்தச் செய்முறைக்குத் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.

ஒரு குற்றவியல் ஆசிரியை,
மதுரை