பெரியவங்களுக்கும் வகுப்பு இருக்கு, சேதிதான் வந்து சேரல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அஞ்சாம் பாரத்துல எழுதற எஸ்.பி.எம். பரீட்சை முடிச்ச பிள்ளைங்க அடுத்து எங்க படிக்கலாம்னு உங்க பேப்பர்ல பக்கம் பக்கமா போடுறீங்க, ரொம்ப நல்ல விஷயம். அதே மாதிரி நாப்பது அம்பது வயசுக்காரங்க எங்க படிக்கலாம்னும் போடணும், அதக் கேக்கத்தான் இந்தக் கடிதம்.

பினாங்குல இதுக்கு இடம் இல்லாம இல்ல. கோலேஜ் கொமுனிட்டிங்கிற அரசாங்கச் சமூகக் கல்லூரி 2001ல மலேசியாவுல ஆரம்பிச்சது, இங்க பாயான் பாரு, செபராங் ஜெயா, கெப்பாலா பத்தாஸ்னு இருக்கு, தையல், கேக், வயரிங், கம்ப்யூட்டர்னு குறுகிய வகுப்பு நடத்துறாங்க, ஒரு நாள் ரெண்டு நாள்ல முடியிறதும் உண்டு, பெரிய சர்டிபிகேட் எதுவும் கேக்கறதில்ல, காசும் கம்மிதான். டிகிரியே வேணும்னாலும் யு.எஸ்.எம்.னு சொல்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துல 1971லேர்ந்து தொலைதூரக் கல்வி இருக்கு, ஜார்ஜ்டவுன்ல வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கு. ஆறாம் பாரத்து எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதாதவங்களுக்கு அப்பெல்னு ஒரு வழி வச்சிருக்காங்க, 21 வயசு தாண்டி வேலை அனுபவம் இருந்தா அதுக்கான ஆதாரத்தயெல்லாம் ஃபைல் பண்ணிக் குடுத்து, ஒரு தேர்வும் எழுதிப் பாஸானா டிகிரிக்கு விண்ணப்பம் போடலாம். பிறை வட்டாரத்து பேக்டரிகள்ல வருஷக்கணக்கா லைன் லீடரா இருக்கிற நம்ம ஆளுங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும்?

எங்க பிளாட்ல ஒரு அக்கா இருக்காங்க, சின்ன வயசுலேர்ந்து ஜாக்கெட் தைக்கிறவங்க. அளவு ஜாக்கெட் குடுத்தாத்தான் தைப்பாங்க, டேப் வச்சு ஆள அளந்து தைக்கச் சொன்னா முடியாதும்பாங்க. மகதான் போன்ல பாத்து தையல் வகுப்புக்குப் பதிஞ்சு விட்டுச்சு. அங்க பிரவுன் பேப்பர விரிச்சு, மார்பு சுத்தளவு, தோள் அகலமெல்லாம் எழுதி, கை வளைவ எப்படிக் கோடு போட்டு வரையணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. மலாய்க்காரப் பொம்பளைங்க போடற பாஜு கூரோங் உடுப்புல அக்குளுக்குக் கீழ கெகெக்னு ஒரு சின்னச் சதுரத் துணி வரும்ல, அத ஏன் வைக்கிறாங்கன்னு எனக்குப் பேப்பர மடிச்சுக் காட்டுனாங்க, கையத் தூக்கும்போது இழுத்துப் பிடிக்காம இருக்கத்தானாம். இப்ப தீபாவளியோட ஹரி ராயாவுக்கும் ஆர்டர் எடுக்கறாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஆனா மக பாக்கலன்னா அந்த வகுப்பு நடந்ததே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நோட்டீஸ் எல்லாம் மலாய்லதான் வருது, அதுவும் பேஸ்புக்ல, அத யாராவது வாட்ஸ்அப்ல போடறதுக்குள்ள பதிவு நாள் போயிடுது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில ஆறாவதோட நின்ன அம்மாக்கள் எத்தனையோ பேர் இருக்காங்க, தமிழ் பேப்பர்னா ஒரு எழுத்து விடாம படிப்பாங்க, மலாய் ஃபார்ம்னா பயந்து தள்ளி வச்சிடுவாங்க. இன்னொரு பக்கம் ஆள் சேரலன்னு வகுப்ப ரத்து பண்றதும் நடக்குது, அதுக்காக ஷிப்ட் மாத்தி லீவு போட்டு வச்சவங்களுக்கு எவ்வளவு கஷ்டம். 2011லயே அரசாங்கம் வாழ்நாள் கல்விக்குன்னு 2020 வரைக்கும் ஒரு பெருந்திட்டம் போட்டுச்சு, திட்டம் இருந்து என்ன, எங்க தாமான் குடியிருப்பு வரைக்கும் வரணுமே.

அதனால ஞாயிறு பதிப்புல ஒரு மூலை ஒதுக்குங்க ஐயா. அடுத்த மாசம் எங்க என்ன வகுப்பு, எவ்வளவு வெள்ளி கட்டணும், கடைசி நாள் எது, எந்த நம்பருக்குக் கூப்பிடணும், இவ்வளவு தமிழ்ல இருந்தா போதும். கோயில் நிர்வாகங்களையும் கேட்டுக்கறேன், கல்யாணம் இல்லாத நாள்ல மண்டபம் சும்மாதான கிடக்கு, அங்க இருபது பேரச் சேர்த்துட்டு வாத்தியார அங்கயே அனுப்ப முடியுமான்னு காலேஜுல பேசிப் பாருங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் படிச்ச பிள்ளைங்க ரெண்டு பேர் ஒரு மேசை போட்டு உக்காந்து ஃபார்ம் நிரப்பிக் குடுத்தா பாதி பயம் போயிடும்.

நீங்க இடம் குடுத்தா, பட்டர்வொர்த் பக்கத்துத் தகவல மாசாமாசம் சேர்த்து அனுப்ப நானும் எங்க தாமான்ல சில பேரும் தயாரா இருக்கோம்.

இப்படிக்கு,
வாசகி, பட்டர்வொர்த்